ரத்தத்துல கேன்சர் டிஎன்ஏ தேடுறப்போ நாம பண்ற தப்புகள்

கேன்சர் கட்டி ரத்தத்துல விடுற டிஎன்ஏவைப் பாக்குறதுக்காக, நாலாம் ஸ்டேஜ் மார்பகப் புற்றுநோய்ல இருக்குறவங்ககிட்ட 10 மில்லி ரத்தம் எடுக்குறது லேசு இல்ல, கீமோ போட்டுப் போட்டு நரம்பெல்லாம் சுருங்கிக் கிடக்கும், ரெண்டு மூணு இடத்துல குத்தித்தான் கிடைச்சிருக்கும். அதை லேப்ல நாம கெடுத்துட்டா மனசே ஆறாது.

அதிகமா கெடுறது நேரத்தாலதான். ஊதா மூடி இடிடிஏ ட்யூப்ல (ரத்தம் உறையாம வெக்குற ட்யூப்) எடுத்துட்டு சாயங்காலம் பாத்துக்கலாம்னு வெச்சிடுறாங்க, அதுக்குள்ள வெள்ளை அணுக்கள் உடைஞ்சு அதோட நார்மல் டிஎன்ஏ பிளாஸ்மால, அதாவது ரத்தத்தோட நீர்ப் பகுதியில, கொட்டிடும், கட்டியோட டிஎன்ஏ சில பேருக்கு நூத்துல ஒரு பங்குகூட இருக்காது, அது இந்தக் கூட்டத்துல எங்க தெரியும்? இடிடிஏன்னா சில மணி நேரத்துக்குள்ள பிளாஸ்மாவைப் பிரிச்சிடணும். கூரியர்ல போகணும்னா ஸ்ட்ரெக் மாதிரி அணு உடையாம காக்குற ட்யூப், அதையும் ஐஸ்ல வெக்காதீங்க. ரத்தத்தை உறைய விட்டு எடுக்குற சீரம் வேண்டவே வேண்டாம், உறையுறப்பவே வெள்ளை அணு டிஎன்ஏ கலந்துடும்.

சென்ட்ரிஃப்யூஜ் மெஷின்ல 1600 ஜி-ல (புவியீர்ப்பைப் போல 1600 மடங்கு விசை) 10 நிமிஷம் சுத்துனா மேல மஞ்சளா பிளாஸ்மா, கீழ சிவப்பு, நடுவுல வெள்ளையா மெல்லிசா வெள்ளை அணுக்களோட ஒரு படலம் நிக்கும். கடைசி சொட்டையும் உறிஞ்சிடணும்னு கை பரபரக்கும், பைப்பெட் நுனி படலத்துல பட்டா போச்சு. அரை சென்டிமீட்டர் விட்டுட்டு மேல இருக்குறதை மட்டும் எடுத்து 16000 ஜி-ல இன்னொரு தடவை சுத்துங்க. படலத்தைத் தூக்கிப் போடாதீங்க, வயசானவங்களுக்கு ரத்த அணுக்கள்லயே டிஎன்எம்டி3ஏ, டெட்2, சமயத்துல டிபி53 ஜீன்லகூட மியூட்டேஷன் (ஜீன்ல வந்த மாற்றம்) இருக்கும், வெள்ளை அணுவையும் சேர்த்துப் படிச்சாத்தான் அது கட்டியோடது இல்லன்னு தெரியும்.

ரிப்போர்ட் படிக்குறப்போ பண்ற தப்புதான் எனக்கு ரொம்ப வலிக்கும். நெகட்டிவ்னா மியூட்டேஷனே இல்லன்னு முடிவு கட்டிடுறது. கட்டி அந்த நேரத்துல ரத்தத்துல டிஎன்ஏ விடாம இருந்திருக்கலாம். 2019ல அமெரிக்காவுல அல்பெலிசிப்ங்கிற மார்பகப் புற்றுநோய் மாத்திரைக்கு அனுமதி குடுத்தப்பவே, அந்த மாத்திரை யாருக்குன்னு காட்டுற பிஐகே3சிஏ ஜீன் மியூட்டேஷன் ரத்தத்துல இல்லன்னு வந்தா கட்டித் திசுவுலயும் பாருங்கன்னுதான் சொன்னாங்க. 2013ல கேம்பிரிட்ஜ் ஆய்வுல 30 பெண்கள்ல 29 பேருக்கு கட்டியோட டிஎன்ஏ ரத்தத்துல கிடைச்சுது, ஆனா அவங்க எதைத் தேடணும்னு கட்டியைப் படிச்சு முன்கூட்டியே தெரிஞ்சு வெச்சிருந்தாங்க.

இதுக்கு நேர் எதிரா, பழைய ஆபரேஷன் பிளாக்கை (அப்போ எடுத்து மெழுகுல பதிச்சு வெச்ச கட்டித் துண்டு) மட்டும் நம்புறதும் தப்பு. ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் ஜீனான ஈஎஸ்ஆர்1-ல வர்ற மியூட்டேஷன் பெரும்பாலும் லெட்ரோசோல் மாதிரி ஈஸ்ட்ரோஜனைக் குறைக்குற மாத்திரை எடுத்ததுக்கு அப்புறம்தான் தலை தூக்கும், அப்போ எடுக்குற ரத்தம்தான் சொல்லும்.

மூளைக்குப் பரவினவங்களுக்கு ரத்தம் பல நேரம் கை விரிச்சிடும், முதுகுத்தண்டு நீர்லதான் பாக்கணும். அங்கயும் சரி, நெஞ்சுல கோத்த நீரை எடுக்குறப்பவும் சரி, சைட்டாலஜிக்கு (அணுக்களை மைக்ராஸ்கோப்ல பாக்குற டெஸ்ட்) சுத்தி அடியில படிஞ்சதை ஸ்லைடு போட்டுட்டு மேல நிக்கிற தெளிஞ்ச நீரை சிங்க்ல ஊத்திடுறாங்க. ஊத்தாதீங்க, நாம தேடுற டிஎன்ஏ அதுலயும் இருக்கு.