சரியாக 32 விநாடியில் அறுந்த அழைப்பு

பல்கலைக்கழக வளாகத்தில் புது ஃபயர்வால் போட்ட மறுநாள் முதல், வெளியிலிருந்து வந்த ஐபி ஃபோன் (நெட்வொர்க் வழியே பேசும் ஃபோன்) அழைப்புகள் எல்லாம் 32 விநாடியில் அறுந்தன. பேச்சு இருபக்கமும் தெளிவாகவே கேட்டது, குழப்பியதே அதுதான். கேபிள், ஸ்விட்ச் போர்ட், ஃபோன் ஃபர்ம்வேர் என்று மாற்றிப் பார்த்ததில் மூன்று நாள் வீண்.

நெட்வொர்க்கில் போகும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்தால், எங்கள் எக்ஸ்சேஞ்ச் (அழைப்புகளை இணைக்கும் கருவி), அழைப்பை எடுத்தாயிற்று என்று சொல்லும் '200 ஓகே'யை அரை, ஒன்று, இரண்டு, நான்கு விநாடி இடைவெளியில் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. பதிலாக வரவேண்டிய 'ஏசிகே' என்ற ஒப்புதல் வரவே இல்லை. அழைப்பைத் தொடங்கவும் முடிக்கவும் பயன்படும் எஸ்ஐபி நெறிமுறையில் அந்தக் காத்திருப்புக்கு எல்லை 500 மில்லிவிநாடி × 64, அதாவது 32 விநாடி; அதற்குள் வராவிட்டால் எக்ஸ்சேஞ்ச் அழைப்பைத் துண்டித்துவிடும். எஸ்ஐபி செய்திகளில் முகவரிகளை மாற்றி எழுதும் ஃபயர்வாலின் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற வசதி, 'ஏசிகே' எங்கே வரவேண்டும் என்று சொல்லும் 'கான்டாக்ட்' வரியில் போர்ட் எண்ணைத் தப்பாக மாற்றி எழுதியிருந்தது.

ஏஎல்ஜியை அணைத்து, எக்ஸ்சேஞ்சிலேயே எங்கள் வெளி ஐபி முகவரியைக் கொடுத்தும் சரியாகவில்லை! ஃபயர்வால் நினைவில் வைத்திருந்த பழைய செஷன்கள் (இணைப்புப் பதிவுகள்) இன்னும் ஏஎல்ஜி பிடியிலேயே இருந்தன. எஸ்ஐபியின் 5060 போர்ட்டின் செஷன்களை அழித்ததும் அடுத்த அழைப்பு பதினைந்து நிமிடம் அறாமல் நீடித்தது. அப்பாடா.