கணினி உறைகிறதா? பேஜ் ஃபைலை அணைக்கும் முன் இதைப் பாருங்கள்

யாங்கூனில் நம்மவர் கடைகள் பலவற்றில் இன்னும் 4 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்கும் உள்ள கணினியில்தான் பில் போடுகிறார்கள். பில் புரோகிராம், வைபர், ஏகப்பட்ட டேப்களோடு குரோம் எல்லாம் சேர்ந்து ஓடும்போது திரை அப்படியே நின்றுவிடும். மவுஸ் மட்டும் நகரும்.

ரேம் பற்றாதபோது விண்டோஸ், உடனே தேவைப்படாத பக்கங்களை, அதாவது நினைவகத்தின் சிறு துண்டுகளை, டிஸ்கில் உள்ள பேஜ் ஃபைல் என்ற கோப்புக்குத் தள்ளும்; தேவைப்படும்போது திரும்பப் படிக்கும். இதுதான் பேஜிங். ஒரு பக்கம் 4 கேபி. சாதாரண ஹார்ட் டிஸ்க் விநாடிக்குச் சுமார் நூறு இடங்களில்தான் தாவிப் படிக்கும். பக்கங்கள் சிதறிக் கிடந்தால் விநாடிக்கு 400 கேபிதான் திரும்பி வரும். அதுவரை புரோகிராம் காத்து நிற்கும்.

இதைக் கேட்டதும் பலர் பேஜ் ஃபைலையே அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அதன்பின் புரோகிராம்களுக்கு ஒதுக்கக்கூடிய மொத்த நினைவகம் ரேம் அளவோடு முடிந்துவிடும். அது தீர்ந்தால் சேமிக்காத பில்லோடு புரோகிராம் மூடிக்கொள்ளும். உறைவதும் நிற்காது: புரோகிராம்களின் சொந்தக் கோப்புகளிலிருந்து வந்த பக்கங்களை விண்டோஸ் அப்போதும் கழற்றிவிட்டு, திரும்பத் திரும்ப டிஸ்கிலிருந்து படிக்கும். ‘ரேம் கிளீனர்’களும் உதவாது. அவை வெளியே தள்ளிய பக்கங்கள் அடுத்த நிமிடமே மறுபடி தேவைப்படும்.

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100% என்று காட்டினாலே பேஜிங்தான் என்று முடிவு கட்டுவது இன்னொரு தவறு. விண்டோஸிலேயே உள்ள ரிசோர்ஸ் மானிட்டரில் மெமரி பகுதியைத் திறந்து, ஹார்ட் ஃபால்ட் எண்ணிக்கையைப் பாருங்கள்: தேவையான பக்கம் ரேமில் இல்லாமல் டிஸ்கிலிருந்து படிக்க நேர்ந்தது விநாடிக்கு எத்தனை முறை என்று அது காட்டும். உறைந்தபின் அதைத் திறக்கவே முடியாது, அதனால் காலையிலேயே திறந்து வையுங்கள். கரண்ட் வந்து கணினியைப் போட்டதும் எண்ணிக்கை எகிறும். புரோகிராம்கள் முதல்முறை ஏறும்போது அது இயல்பு. கொஞ்ச நேரம் கழித்தும் நூற்றுக்கணக்கில் நீடித்து, ‘அவைலபிள்’ நினைவகமும் அடிமட்டத்தில் இருந்தால்தான் பேஜிங் மீது சந்தேகப்படலாம்.

ஹார்ட் ஃபால்ட் கிட்டத்தட்ட பூஜ்யம், ஆனாலும் டிஸ்க் 100% என்றால்? டிஸ்கே பழுதாகிக்கொண்டிருக்கலாம். அடிக்கடி கரண்ட் போகும் ஊரில் இதை லேசாக விடக் கூடாது. விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பதிவில் டிஸ்க் தொடர்பான 7 என்ற எண் வந்தால் டிஸ்கில் கெட்ட பிளாக், அதாவது பழுதான பகுதி, இருக்கிறது என்று பொருள். முதலில் கணக்குக் கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுங்கள், அப்புறம் மற்றதெல்லாம்.

பேஜிங்தான் என்று உறுதியானாலும் உடனே ரேம் வாங்க ஓட வேண்டாம். ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒதுக்கிய நினைவகத்தைக் காட்டும் ரிசோர்ஸ் மானிட்டரின் ‘கமிட்’ நிரலைக் காலையிலும் மாலையிலும் குறித்து வையுங்கள். வேலை அதே அளவுதான், ஆனால் ஒரே ஒரு புரோகிராம் மட்டும் நாள் முழுக்க ஏறிக்கொண்டே போனால் நினைவகக் கசிவு (எடுத்த நினைவகத்தைத் திருப்பித் தராதது) அங்கேதான் இருக்க வேண்டும். எவ்வளவு ரேம் போட்டாலும் அது தின்றுவிடும். அந்தப் புரோகிராமைப் புதுப்பிக்க வேண்டும். எல்லாமே சீராக இருந்தும் இடம் போதவில்லை என்றால் இன்னொரு 4 ஜிபி போடுங்கள்.