ஐரிஷ் செஷனில் உட்கார்ந்து வாசிப்பது எப்படி? புதியவருக்கான செய்முறை

டப்ளினிலோ கால்வேயிலோ கிளேர் மாவட்டத்திலோ ஒரு மாலையில் பப்புக்குள் நுழைந்தால், மூலையில் ஐந்தாறு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஃபிடில் (நம் வயலின்தான்), மரப் புல்லாங்குழல், கான்செர்டினா (இழுத்து அமுக்கி வாசிக்கிற சின்னத் துருத்திப் பெட்டி) என்று வாசித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். மேடை கிடையாது. கூட்டத்தைப் பார்த்தும் வாசிக்க மாட்டார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துத்தான். இதைத்தான் செஷன் என்கிறார்கள். முன்பின் தெரியாத ஆளும் வாத்தியத்தோடு வந்து இதில் சேரலாம். ஆனால் சேர்வதற்கு ஒரு முறை இருக்கிறது. அதை யாரும் சுவரில் எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள்.

படிக்கவோ வேலைக்கோ அயர்லாந்து போய், சின்ன வயதில் கற்ற வயலினோ புல்லாங்குழலோ அலமாரியில் தூங்குகிற தமிழர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இசையே கற்காதவர்களும் தொடங்கலாம், கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும்.

1. முதல் தடவை வெறுங்கையோடு போங்கள்

வாத்தியத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போய் ஒரு மாலை முழுக்கக் கவனியுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் இஷ்டத்துக்கு வாசிப்பது போலத் தெரியும். உண்மையில் எல்லோரும் ஒரே மெட்டை ஒன்றாக வாசிக்கிறார்கள். ஆளுக்கொரு தனி ஆவர்த்தனம் கிடையாது, மனோதர்மம் என்று பெரிதாக எதுவும் இல்லை. மெட்டு தெரியாதவர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார். அப்படி இருப்பதில் அவருக்கு எந்தக் கூச்சமும் இல்லை. நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஆளைத்தான்.

அப்புறம், மற்றவர்கள் யாரைப் பார்த்துத் தொடங்குகிறார்கள், நிறுத்துகிறார்கள் என்று பாருங்கள். பல பப்புகளில் ஒன்றிரண்டு கலைஞர்களுக்குப் பப்காரர் சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருப்பார். செஷன் அவர்கள் பொறுப்பு. மற்றவர்கள் எல்லாம் சும்மா வந்து சேர்கிறவர்கள்.

இது ஆதிகாலத்து வழக்கம் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். மெட்டுகளில் பல பழையவை. பப்பில் கூடி வாசிக்கும் பழக்கமோ 20ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் பரவியது. அதற்கு முன் இந்த இசை வீட்டுச் சமையலறையிலும் முச்சந்தியிலும் நடனத்துக்காக வாசிக்கப்பட்டது. 1935இல் வந்த நடன அரங்குச் சட்டம் அந்த வீட்டு நடனங்களை நெருக்கியது. பிழைப்புக்காக லண்டன் போன ஐரிஷ்காரர்கள் அங்கே கேம்டன் டவுன் பக்கத்துப் பப்புகளில் கூடி வாசிக்க ஆரம்பித்தார்கள். இந்த இசைக்கான கோல்டஸ் என்ற அமைப்பு 1951இல் தொடங்கியது.

2. தாளத்தைப் பிடியுங்கள்

இதில் நமக்கு ஒரு வசதி. ஜிக், ரீல் என்பதெல்லாம் நடன மெட்டு வகைகள், தாளத்தை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். ஜிக் என்றால் 'தகிட தகிட'. ரீல் என்றால் 'தகதிமி தகதிமி'. ஸ்லிப் ஜிக்கில் தகிட மூன்று வரும். ஹார்ன்பைப் என்பது ரீலைப் போலத்தான், ஆனால் ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று நொண்டி நடக்கும். கெர்ரி, கார்க் மாவட்டங்களின் எல்லைப் பக்கம் போனால் போல்கா என்ற இன்னொரு வகை அதிகம் கேட்கும். கேட்டதும் இன்னது என்று சொல்ல வந்துவிட்டால் போதும்.

பெரும்பாலான மெட்டுகளில் இரண்டு பகுதி. முதல் பகுதி இருமுறை, இரண்டாம் பகுதி இருமுறை, அது ஒரு சுற்று. நல்ல வேகத்தில் ஒரு ரீலின் முழுச் சுற்று அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூட ஓடும். மூன்று சுற்று முடிந்ததும் நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். இப்படி இரண்டு மூன்று மெட்டு சேர்ந்தது ஒரு செட்.

3. வாத்தியம்

கையில் எதுவும் இல்லாதவர்கள் டி சுருதி டின் விசில் (சின்ன உலோகக் குழல்) வாங்குங்கள். டி, ஜி, இ, ஏ என்பவை மேற்கத்திய ஸ்வரப் பெயர்கள் (D, G, E, A). ஆறு துளை, விலை குறைவு, சட்டைப்பையில் அடங்கும். செஷனில் பாதிக்கு மேல் டி, ஜி சார்ந்த மெட்டுகள்தான், அவை இந்தக் குழலில் சுலபமாக உட்காரும். எல்லாத் துளையையும் மூடித் தொடங்கி ஒவ்வொன்றாகத் திறந்தால் சங்கராபரணம் வரும். அதே ஸ்வரங்களை இ-யிலிருந்து எடுத்தால் கரகரப்பிரியா, ஏ-யிலிருந்து எடுத்தால் ஹரிகாம்போஜி. ஐரிஷ் மெட்டுகள் புழங்குகிற இடம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

வயலின்காரர்கள் ச-ப-ச-ப சுருதியை விட்டுவிட்டு ஜி-டி-ஏ-இ என்று கூட்ட வேண்டும், தந்தியும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். விரல் முதலில் தடுமாறும். தரையில் உட்கார இடமில்லை, நாற்காலியில் உட்கார்ந்து தோளில் வைத்துப் பழகுங்கள். கமகத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அங்கே அலங்காரம் வேறு மாதிரி: நீண்ட ஸ்வரத்தை நடுவில் மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு தட்டி உடைப்பார்கள். அதற்கு ரோல் என்று பெயர். அதற்கும் இப்போது அவசரமில்லை.

'பௌரான் சுலபம்தானே, தோல் வாத்தியம், தட்டினால் போச்சு' என்று வாங்கி வருகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஒரு செஷனில் ஒரு பௌரானுக்கு மேல் பெரும்பாலும் பொறுக்க மாட்டார்கள், அந்த ஒன்றும் மெட்டுகளை உள்ளும் புறமும் அறிந்தவர் கையில் இருக்க வேண்டும். கிட்டாரும் அப்படியே. இரண்டு கிட்டார் இரண்டு வித கார்டு (chord, ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) போட்டால் நடுவில் மெட்டு மாட்டிக்கொள்ளும்.

4. ஒரு மெட்டைக் காதால் கற்றுக்கொள்ளுங்கள்

நோட்டுத் தாளை வைத்து வாசிப்பவர்களைச் செஷனில் பார்ப்பது அரிது. காதால் பிடிப்பதுதான் வழி, அதனால் கற்பதும் அப்படியே இருக்கட்டும்.

கெஷ் ஜிக் என்ற மெட்டை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய எல்லா ஊரிலும் தெரியும். விசிலில் மேலிருந்து மூன்று துளையை மூடினால் வருகிற ஜி-யை 'ச' என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதி இப்படி:

ச - - ச ரி க
ரி - - ரி க ப
த ப ப ச் ப ப
த ப க ப க ரி

ச - - ச ரி க
ரி - - ரி க ப
த ப ப ச் ப க
ரி ச நி ச - -

(ச் என்பது மேல் ஸ்தாயி. கடைசி வரியின் நி கீழ் ஸ்தாயி.)

கவனித்தீர்களா? ஏழு வரி வரை மோகனத்து ஸ்வரங்கள் மட்டுமே. கடைசி வரியில் ஒரே ஒரு நி எட்டிப் பார்க்கிறது. ஆளுக்கு ஆள் ஓரிரு ஸ்வரம் மாறும், அது தப்பில்லை.

இதைத் தாளில் பார்த்ததோடு நிறுத்தக் கூடாது. நல்ல ஒலிப்பதிவு ஒன்றைத் தேடி, யூடியூபில் வேகத்தை 0.75 ஆகவோ 0.5 ஆகவோ குறையுங்கள். வாத்தியத்தைத் தொடாமல், சமையல் செய்யும்போதும் பஸ்ஸில் போகும்போதும் முணுமுணுக்கிற அளவுக்குக் கேளுங்கள். வாயில் வந்த பிறகு விரலுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டாம் பகுதியையும் அப்படியே காதால் பிடியுங்கள். மறந்துபோய் நின்றால் மெட்டின் நடுவிலிருந்து மறுபடி ஏறிக்கொள்ளப் பழகுங்கள், தொடக்கத்துக்கு ஓடாதீர்கள். செஷன் உங்களுக்காக நிற்காது.

அதற்கடுத்து இன்னொரு ஜிக், ஒரு போல்கா, ஒரு ரீல். இந்த நான்கும் தூக்கத்தில் எழுப்பினாலும் வரும் என்றால் கிளம்பலாம். அரைகுறையாகத் தெரிந்த முப்பது மெட்டால் பயனில்லை.

5. மெதுவான செஷனில் தொடங்குங்கள்

பல ஊர்களில் 'ஸ்லோ செஷன்' என்று கற்பவர்களுக்கென்றே நடத்துகிறார்கள். கோல்டஸ் கிளைகளில் விசாரித்தால் சொல்வார்கள். அங்கே யோசிக்காமல் போய் உட்காரலாம்.

6. பப் செஷனில் சேரும் நாள்

வாத்தியத்தைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். ஒரு செட் முடிந்து பேச்சு தொடங்கும்போது, நடத்துகிறவரிடம் 'நானும் சேர்ந்துக்கலாமா? விசில் வாசிப்பேன், இப்பதான் கத்துக்கிறேன்' என்று கேளுங்கள். பெரும்பாலும் நாற்காலியை நகர்த்தி இடம் விடுவார்கள். உள்வட்டத்தில் காலியாகத் தெரிகிற நாற்காலி யாரோ ஒருவர் வாரந்தோறும் உட்காருகிற இடமாக இருக்கும், அதில் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். இரண்டாம் வரிசையே நல்லது.

தெரிந்த மெட்டு வந்தால் முதல் சுற்றில் கேளுங்கள், அவர்களுடைய வடிவம் உங்களுடையதோடு ஒத்துப்போகிறதா என்று தெரியும். இரண்டாம் சுற்றில் அடக்கமாகச் சேருங்கள். தெரியாத மெட்டு வந்தால் வாத்தியம் மடியில். வாத்தியத்தில் மெல்ல ஸ்வரம் தேடித் துழாவுவதுதான் அங்கே எல்லோரையும் எரிச்சல்படுத்துகிற காரியம். உங்களுக்குக் கேட்காத அளவுக்கு மெதுவாக வாசித்தாலும் பக்கத்து நாற்காலிக்காரருக்குக் கேட்கும்.

மெட்டு மாறப்போகிறது என்றால் நடத்துகிறவர் நிமிர்ந்து பார்ப்பார், அல்லது 'ஹப்!' என்று ஒரு சத்தம் வரும். முடிக்கப்போகிறார் என்றால் சிலர் காலைத் தூக்குவார்கள். அதனால் கண்ணை மூடி ரசிப்பதை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

யாராவது பாட ஆரம்பித்தால் பேச்சும் வாத்தியமும் நிற்க வேண்டும். மெல்லிய விளம்பகால மெட்டை ஒருவர் தனியாக எடுத்தாலும் அப்படியே. அது உங்களுக்குத் தெரிந்ததே ஆனாலும் கூடச் சேரக் கூடாது.

போனில் பதிவு செய்ய வேண்டுமா? கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மெட்டின் பெயரையும் அப்போதே கேளுங்கள். பல நேரம் வாசித்தவருக்கே பெயர் தெரியாது, அல்லது இரண்டு பேர் இரண்டு பெயர் சொல்வார்கள்.

மது குடிக்க வேண்டிய கட்டாயமில்லை. டீயோ சோடாவோ வாங்கிக்கொண்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால், 18 வயதுக்கு உட்பட்டவர்கள் இரவு 9 மணிக்கு மேல் பப்பில் இருக்கக் கூடாது. மே முதல் செப்டம்பர் வரை 10 மணி.

7. 'நீங்க ஒண்ணு வாசிங்க'

இது கட்டாயம் வரும். பல செஷனில் இது மரியாதைக்குக் கேட்பது, ஆனால் உண்மையாகவே கேட்பது. நழுவாதீர்கள். முன்கூட்டியே இரண்டு ஜிக்கை ஒரு செட்டாகக் கோத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வாசிக்கிற வேகத்தைவிடக் குறைத்துத் தொடங்குங்கள், பதற்றத்தில் அது தானாகவே ஏறும். நீங்கள் தொடங்கியதால் வேகம் உங்களுடையது, நல்ல கலைஞர்கள் உங்களுக்குப் பின்னால் வருவார்கள். எல்லோருக்கும் தெரிந்த மெட்டாக எடுத்தால் இரண்டாவது வரியிலேயே ஃபிடில்கள் சேர்ந்து உங்களைத் தூக்கிக்கொள்ளும், சின்னத் தப்பெல்லாம் அதில் மறைந்துபோகும்.

இந்திய இசை கற்றவர் என்று தெரிந்தால் அதில் ஒன்று கேட்கவும் கூடும். மூன்று நிமிடத்துக்குள் முடிகிறதாக ஒன்று தயாராக இருக்கட்டும். வர்ணம் வேண்டாம்.

ஓரளவு கை வந்துவிட்டால், ஜூலை மாதம் கிளேரில் மில்டவுன் மல்பே ஊருக்குப் போய்வாருங்கள். இலன் பைப்ஸ் (துருத்தியால் காற்று ஊட்டி வாசிக்கிற ஐரிஷ் பைப்) கலைஞர் வில்லி கிளான்சியின் பெயரில் 1973 முதல் அங்கே கோடைப் பள்ளி நடக்கிறது. காலையில் வகுப்பு, மற்ற நேரமெல்லாம் பப்புகளில் செஷன். சின்ன ஊர், அதனால் தங்குமிடத்தை மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.