ஏற்காட்டு மலையில் ஒருவர் சுருண்டு விழுந்தால்

ஏற்காட்டிலிருந்து சேலம் அடிவாரத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவுகள். இதயம் நின்ற பிறகு, 4 முதல் 6 நிமிடத்துக்குள் மூளை பாழாகத் தொடங்கிவிடும். விழுந்தவரை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு இறங்குவது நல்ல மனதோடு செய்யும் பெரிய தவறு. மெத்தென்ற சீட்டில் நெஞ்சு அமுங்காது, வளைவுக்கு வளைவு கை நழுவும். விழுந்த இடத்திலேயே சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி ரத்தத்தை ஓட வைக்கும் முதலுதவியைத் தொடங்குங்கள்.

தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லையா? மார்பு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள், 10 விநாடி போதும். பலர் ஏமாறுவது இங்கேதான். விட்டு விட்டு, குறட்டை போல இழுப்பதை ‘மூச்சு இருக்கு’ என்று நம்பிவிடுகிறார்கள். அது மூச்சு அல்ல. நாடி தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். பக்கத்திலிருப்பவர் 108-ஐ அழைத்து, ஸ்பீக்கரில் போட்டு, எந்த வளைவு, எந்த எஸ்டேட் என்று சொல்லட்டும்.

கயிற்றுக் கட்டிலில் கிடந்தால் தரைக்கு இறக்குங்கள். நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், மார்பின் நடுவே, ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வையுங்கள். அதன்மேல் மறு கையை வைத்து விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்கக் கூடாது. கைபலத்தால் அழுத்தினால் சீக்கிரம் ஓய்ந்துவிடுவீர்கள்; தோளைக் கைக்கு நேர் மேலே கொண்டுவந்து உடம்பின் எடையை இறக்குங்கள். ஆழம் 5 முதல் 6 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலெழட்டும். அப்போதுதான் இதயத்தில் மறுபடி ரத்தம் நிரம்பும். களைத்தவர்கள் தம்மை அறியாமல் நெஞ்சின் மேலேயே சாய்ந்துவிடுவார்கள். அதனால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். விலா எலும்பு நெறிபடும் சத்தம் கேட்கலாம். பயந்து நிறுத்தாதீர்கள், எலும்பு பிறகு கூடிவிடும்.

பயிற்சி பெற்றவர் 30 அழுத்தலுக்கு 2 முறை வாயோடு வாய் வைத்து ஊதலாம். பழகாதவர் அழுத்திக்கொண்டே இருந்தால் போதும். ஏரியில் மூழ்கியவருக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் ஊதுவது மிக முக்கியம். தறியில் ஷாக் அடித்து விழுந்தவரை, மெயினை அணைக்காமல் தொடாதீர்கள்.

வாயில் தண்ணீர், சோடா ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். அவர் அசைந்து சீராக மூச்சு விட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள். இல்லையென்றால் 108 குழுவினர் வந்து கை வைக்கும்வரை அழுத்துங்கள்.