ஜிவிம் சாளர அமைப்புகளுக்குத் தனிக் கோப்பு

விம் என்ற உரைத்திருத்தியைப் பழகத் தொடங்கியதும், அதன் அமைப்புகளை எழுதிவைக்கும் விம்ஆர்சி கோப்பு பலருக்கும் ஒரே கதிக்கு வந்துவிடும். வலையில் கண்டதையெல்லாம் ஒட்டி ஒட்டி, எழுத்துரு ஒரு மூலையில், உள்தள்ளல் ஒரு மூலையில், நடுவே கருவிப்பட்டியை மறைக்கும் வரி என்று கிடக்கும். ஜிவிம்மில், அதாவது தனிச் சாளரத்தில் திறக்கும் விம்மில், ஒழுங்காகத் தெரிவது கட்டளை தட்டும் டெர்மினலில் கோணலாகும்போதுதான் பிரித்து வைக்கத் தோன்றும்.

அதற்கு விம்மிலேயே ஏற்பாடு உண்டு. விம்ஆர்சி இரண்டுக்கும் பொது. ஜிவிம்ஆர்சி, விம் தனிச் சாளரமாகத் திறக்கும்போது மட்டும் படிக்கப்படும். முதலில் விம்ஆர்சி, பிறகு செருகுநிரல்கள் (கூடுதல் வசதி சேர்ப்பவை), அதன்பின் ஜிவிம்ஆர்சி என்பது வரிசை. ஒரே அமைப்பு இரண்டிலும் இருந்தால் பின்னால் படிக்கப்பட்டதுதான் நிற்கும்.

கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கில எழுத்திலேயே தட்டுங்கள்.

படி 1: கோப்பை உருவாக்குதல்

லினக்ஸ், மேக் என்றால் ஹோம் ஃபோல்டரில் .ஜிவிம்ஆர்சி. விண்டோஸில் புள்ளிக்குப் பதில் அடிக்கோடு: _ஜிவிம்ஆர்சி. உங்கள் விம் எங்கே தேடுகிறது என்று சந்தேகமா? :வெர்ஷன் என்று தட்டினால் பாதைகளைப் பட்டியலிடும்.

படி 2: எது எங்கே?

உள்தள்ளல், தேடல், விசைக்குறுக்குகள், வரி எண்கள் எல்லாம் விம்ஆர்சியிலேயே இருக்கட்டும். எழுத்துரு, மெனு, கருவிப்பட்டி, உருள்பட்டை, சாளர அளவு ஆகியவற்றை வெட்டி ஜிவிம்ஆர்சியில் ஒட்டுங்கள். வண்ணத்திட்டம் இரண்டிலும் ஒன்றேயானால் நகர்த்த வேண்டாம்.

சாளர அளவைத்தான் முதலில் நகர்த்த வேண்டும். செட் லைன்ஸ்=40 காலம்ஸ்=110 என்ற வரி விம்ஆர்சியில் இருந்தால் டெர்மினலின் அளவோடும் மோதும்.

படி 3: பட்டிகளை மறைத்தல்

இதற்கான அமைப்பின் பெயர் ஜியுஐஆப்ஷன்ஸ். இடைவெளி இல்லாத ஒரே சொல், எல்லாம் சின்ன எழுத்து. அதன் மதிப்போ எழுத்துகளின் கோவை: சின்ன எம் மெனு, பெரிய டி கருவிப்பட்டி, சின்ன ஆர் வலப்பக்க உருள்பட்டை. வேண்டாததை இப்படிக் கழிக்கலாம்:

செட் ஜியுஐஆப்ஷன்ஸ்-=எம்
செட் ஜியுஐஆப்ஷன்ஸ்-=டி

இரண்டையும் ஒரே வரியில் சேர்க்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். அந்த இரண்டு எழுத்தும் மதிப்புக்குள் அதே வரிசையில் அடுத்தடுத்து இருந்தால்தான் கழியும். இல்லாவிட்டால் பிழைச்செய்தியும் வராது, பட்டியும் போகாது. எழுத்துக்கு ஒரு வரியே நல்லது.

விதிவிலக்கு ஒன்று: பெரிய எம். மெனுக் கோப்பையே ஏற்றாதே என்று அர்த்தம். ஜிவிம்ஆர்சி படிக்கப்படும் நேரத்தில் மெனு ஏற்கெனவே ஏறியிருக்கும் என்பதால், இதை விம்ஆர்சியில், அதுவும் சின்டாக்ஸ் ஆன், ஃபைல்டைப் ஆன் வரிகளுக்கு மேலே வைக்க வேண்டும்.

படி 4: எழுத்துரு

இது கணினிக்குக் கணினி மாறும். லினக்ஸில் ஜிடிகே என்ற சாளரக் கருவித்தொகுப்பைக் கொண்டு உருவான ஜிவிம் பதிப்பில் செட் ஜியுஐஃபான்ட்=மோனோஸ்பேஸ்\ 12; இடைவெளிக்கு முன்னால் அந்தச் சாய்கோடு கட்டாயம். விண்டோஸில் செட் ஜியுஐஃபான்ட்=கன்சோலாஸ்:ஹெச்12. பெயர் தெரியாவிட்டால் மதிப்பாக வெறும் * கொடுங்கள், தேர்வுப் பெட்டி திறக்கும்.

படி 5: சரிபார்த்தல்

ஜிவிம்மை மூடித் திறங்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லையென்றால் :வெர்போஸ் செட் ஜியுஐஃபான்ட்? என்று கேளுங்கள்; அந்த மதிப்பைக் கடைசியாக வைத்த கோப்பைக் காட்டிக்கொடுக்கும். பாதிக் குழப்பம் இந்த ஒரு கட்டளையிலேயே தீரும். எந்தக் கோப்பு எந்த வரிசையில் படிக்கப்பட்டது என்று பார்க்க :ஸ்கிரிப்ட்நேம்ஸ்.

இரண்டு மூன்று வரிக்காகத் தனிக் கோப்பு எதற்கு என்று தோன்றினால், விம்ஆர்சிக்குள் இஃப் ஹேஸ்("ஜியுஐ_ரன்னிங்") என்று தொடங்கி எண்டிஃப் என்று முடிக்கும் பகுதிக்குள் வைக்கலாம். அது ஒரு திரையைத் தாண்டி வளர்ந்தால் தனிக் கோப்புதான் என் விருப்பம்.

ஜிவிம்ஆர்சியை மட்டும் தவிர்த்துச் சோதிக்க, ஜிவிம் -யூ நன் என்று தொடங்குங்கள். யூவும் நன்னும் பெரிய எழுத்தில். சின்ன யூ போட்டால் விம்ஆர்சியும் சேர்ந்தே தவிர்க்கப்படும்.