கெட்டிமேளத்துக்கு முன் ஒரு படி கீழே இறங்குங்கள்

கும்பகோணம் பக்கம் கல்யாணப் போட்டோ எடுக்க ஆரம்பித்து 22 வருஷம் ஆகிறது. முதல் மூன்று வருஷம் ஃபிலிம்தான். ஒரு ரோலில் 36 படம். தாலி கட்டும் நேரத்தில் ரோல் தீர்ந்து தொலைக்கக்கூடாதே என்று, பாதி மிச்சமிருந்தாலும் அதைக் கழற்றிவிட்டுப் புது ரோல் போட்டுக்கொண்டு நிற்போம். அப்போதெல்லாம் மண்டபத்தில் கேமராவோடு இருந்தது நானும், துபாயிலிருந்து லீவில் வந்த யாராவது ஒரு மாமாவும்தான். இப்போது மேடையில் கேமரா இல்லாதவர் ஐயர் ஒருவர்தான். அவரும் மந்திரத்துக்கு நடுவே செல்லை எடுத்துப் பார்த்துக்கொள்கிறார்.

சொந்தக்காரர்கள் படம் எடுப்பதில் எனக்கு வருத்தம் கிடையாது. உரசல் வருவதும் நாள் முழுக்க இல்லை. மாலை மாற்றுவது, தாலி, அம்மி மிதிப்பது எல்லாம் சேர்த்தால் பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷத்தில் யார் எங்கே நிற்பது என்பதுதான் சங்கதி.

தாலியை எடுத்துக்கொள்வோம். ஐயர் கண்ணைக் காட்டுவார், தவில் உச்சத்துக்குப் போகும், பின்னாலிருந்து அட்சதை வந்து விழும். பல வீடுகளில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டும் பின்னால் நிற்கும் நாத்தனார். அரை நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிடும். பெண் தலையைக் குனிந்திருப்பாள், அவள் முகம் தெரியும் கோணம் எனக்கு ஒன்றே ஒன்றுதான், முன்பக்கம் சற்றுத் தாழ்ந்து. அந்த இடைவெளியில் ஒரு செல்போன் ஒரு கை நீளத்துக்கு உள்ளே வந்தால், ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் பெண்ணின் முகத்துக்குப் பதில் யாரோ ஒருவருடைய செல்போன் கவர்தான் இருக்கும்.

அதனால் கெட்டிமேளத்துக்குக் கொஞ்சம் முன்னால் மேடையிலிருந்து ஒரு படி கீழே இறங்கி, பக்கவாட்டில் போய் நில்லுங்கள். முழங்கையை உடம்போடு ஒட்டி, கேமராவை முகத்துக்கு நேராகவே பிடியுங்கள். தலைக்கு மேலே தூக்காதீர்கள், பின்வரிசைப் பாட்டி அட்சதையை யார் மேல் போடுவது என்று தெரியாமல் தடுமாறுவார். எங்கே நிற்கலாம் என்று சந்தேகமாக இருந்தால், காலையிலேயே வந்து "அண்ணே, நான் இந்தத் தூண் பக்கம் நின்றால் உங்கள் ஃப்ரேமில் விழுவேனா?" என்று கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்ட ஒருவரையும் நான் முகம் சுளித்து அனுப்பியதில்லை. நல்ல இடமாகவே காட்டிக்கொடுத்திருக்கிறேன்.

அடுத்தது ஃப்ளாஷ். இதில் நானே நன்றாகப் பட்டிருக்கிறேன். ஒரு தை மாதம், விடியற்காலை முகூர்த்தம். தூணோரம் ஒரு ஃப்ளாஷை ஸ்லேவில் வைத்திருந்தேன். வேறொரு ஃப்ளாஷ் மின்னுவதைப் பார்த்தால் அதுவும் கூடவே மின்னும். மின்னியது யாருடையது என்றெல்லாம் அதற்குத் தெரியாது. பெண்ணின் பெரியப்பா மகன் புதுக் கேமரா, மேலே பெரிய ஃப்ளாஷ் என்று வந்திருந்தார். அவர் அடிக்க அடிக்க என் ஃப்ளாஷ் அவருக்கு ஊழியம் செய்திருக்கிறது. கெட்டிமேளம் கொட்டி நான் பட்டனை அழுத்தும்போது அது சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. என் படம் இருட்டு. அவர் படத்தில் வெளிச்சம் அமர்க்களம். சாயங்காலம் கூச்சத்தோடு போய் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கினேன். அந்த ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் இன்றைக்கும் இருப்பது அந்தத் தம்பி எடுத்த படம்தான். தப்பு என்னுடையது, அடுத்த வாரமே, என் கேமரா சொன்னால் மட்டும் ஃப்ளாஷை மின்னவைக்கும் ரேடியோ ட்ரிக்கர் வாங்கிவிட்டேன்.

ஆனால் ட்ரிக்கர் வீடியோக்காரரைக் காப்பாற்றாது. இப்போதைய கேமராக்களில் பெரும்பாலானவை ஒரு ஃப்ரேமை மேலிருந்து கீழாக வரி வரியாகத்தான் பதிவு செய்கின்றன. ஃப்ளாஷ் கண்ணிமைப்பதற்குள் மின்னி அணைந்துவிடுவதால், பாதி ஃப்ரேம் வெள்ளையாகவும் மீதி பாதி சாதாரணமாகவும் விழும். தாலி கட்டும் காட்சியில் நாலு இடத்தில் அப்படிப் பட்டை விழுந்தால் எடிட்டர் அதைச் சரிசெய்வது பெரும் பாடு. மேடையில் நாங்கள் போட்டிருக்கும் லைட்டே உங்களுக்குத் தாராளம். ஃப்ளாஷை அணைத்துவிட்டு, குறைந்த வெளிச்சத்திலும் படம் தெளிய உதவும் ஐஎஸ்ஓ அளவைக் கேமராவில் கூட்டிக்கொள்ளுங்கள். செல்போன் டார்ச்சும் வேண்டாம், முகத்தில் அந்த நீல வெளிச்சம் பட்டால் முகூர்த்தப் பட்டே நிறம் மாறிப்போகும்.

ரிசப்ஷனில் குரூப் போட்டோ வேறு மாதிரித் தலைவலி. பன்னிரண்டு பேர் நிற்பார்கள், எதிரே ஐந்து கேமரா. சித்தப்பா என்னைப் பார்ப்பார், சித்தி தன் மகனின் செல்லைப் பார்ப்பார், குழந்தை ஐஸ்கிரீமைப் பார்க்கும். முதலில் நான் மூன்று படம் எடுத்துக்கொள்கிறேன். அப்புறம் "இப்போ உங்கள் டர்ன்" என்று நகர்ந்து நிற்பேன். அதுவரை கையைத் தூக்கி "இங்கே பாருங்க, இங்கே பாருங்க" என்று கூப்பிடாதீர்கள். கீழே மொய்க் கவரோடு வரிசை நிற்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

இனி என் தொழில்காரர்களுக்கு. நம் மேல் இருக்கும் பெரிய புகார் நியாயமானது. வந்தவர்கள் பார்ப்பது தாலி கட்டுவதை இல்லை, நம் முதுகை. மூன்று பேர் எடுக்கிறோம் என்றால் ஒருவர் முன்னால் உட்காரட்டும், மற்றவர்கள் இரண்டு ஓரத்திலும் நிற்கட்டும். யாரையும் தோளைத் தொட்டு நகர்த்தாதீர்கள். ஆரம்ப காலத்தில் வேட்டி கட்டிய ஒரு பெரியவரை "சார், தள்ளுங்க" என்று கையால் ஒதுக்கிவிட்டேன். அவர் பெண்ணின் தாய்மாமன். மாலையோடு நிற்கவேண்டிய மனுஷர் அப்படியே இறங்கிப்போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். அவரைத் திரும்ப மேடையேற்றப் பெண்ணின் அப்பாவே போகவேண்டியிருந்தது. இப்போது யாராவது மறைத்தால் நான் வாயே திறப்பதில்லை. முதல்நாளே வீட்டில் ஒரு அத்தையையோ சித்தப்பாவையோ பிடித்துச் சொல்லிவைத்துவிடுவேன். அவர்கள் அதட்டினால் யாருக்கும் கோபம் வராது.

கேமராவோடு வருபவருக்கு நான் ஒரு வேலையும் கொடுப்பேன். நாங்கள் மேடையை விட்டு நகர முடியாத நேரத்தில் சமையல்கட்டில் வாழைக்காய் சீவிக்கொண்டிருப்பார்கள். மாடி அறையில் தோழிகள் பெண்ணுக்குப் பூ வைத்துவிடுவார்கள். படியேற முடியாத பாட்டி கீழே விசிறியோடு உட்கார்ந்திருப்பார். உள்ளே போய் இதையெல்லாம் எடுக்கச் சொந்தக்காரருக்குத்தான் உரிமை உண்டு. பந்தியில் மட்டும் யாரையும் வாயில் சோற்றோடு எடுக்காதீர்கள். இலையில் கை வைக்கும் முன் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெண்ணும் மாப்பிள்ளையும் தங்கள் படத்தைத் தாங்களே போடும் வரைக்கும் நீங்கள் ஸ்டேட்டஸில் போடாமல் இருந்தால் உத்தமம். குறைந்தபட்சம் கேட்டுவிட்டாவது போடுங்கள்.

ஆல்பத்துக்குப் படம் தருவதாக இருந்தால் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், சுருங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்புங்கள். முடிந்தால் பென்டிரைவில் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கேமராவின் கடிகாரத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். துபாய் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். எல்லாருடைய படத்தையும் நேரப்படி அடுக்கும்போது, உங்கள் கணக்கில் மாலை மாற்றுவதற்கு முன்னாலேயே தாலி கட்டி முடிந்திருக்கும்.