குழந்தையின் கக்கூஸ் பழக்கத்துக்கு ஒரு சார்ட்

இரண்டு மணி நேரம் ஜட்டி நனையாமல் இருக்கிறதா? ஆய் வரும்போது கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறதா? அப்படியென்றால் ஆரம்பிக்கலாம். பெரும்பாலான குழந்தைகள் ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் நடுவில் இதற்குத் தயாராகிவிடுவார்கள்.

முதல் நான்கு நாள் எதையும் பழக்காதீர்கள். மளிகைக் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, பால், தண்ணீர், சாப்பாடு, ஒண்ணுக்கு, ஆய் எல்லாவற்றுக்கும் நேரம் மட்டும் எழுதுங்கள். எங்கள் மகளின் பக்கத்தில் 7:10 பால், 7:35 ஆய். மறுநாள் 7:05 பால், 7:30 ஆய். வயிற்றுக்குள் ஏதாவது போனதும் குடல் அசையத் தொடங்கும், அதுதான் காரணம். அந்த நேரத்துக்கு உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்தது.

(உட்கார வைக்கும் அந்தப் பிளாஸ்டிக் சீட்டுக்குப் 'பாட்டி சீட்' என்று பெயர் சொன்னதும் மாமியார், "எனக்கு எதுக்கும்மா?" என்றார்.)

ஐந்தாம் நாள் குழந்தைக்கான சார்ட். குறுக்கே ஏழு கிழமை. மேலிருந்து கீழாக, எழுந்ததும், காலைச் சாப்பாட்டுக்குப் பின், மதியத் தூக்கத்துக்குப் பின், படுக்கும் முன் என நான்கு வேளை. பாத்ரூம் கதவருகே, குழந்தையின் கண் உயரத்தில் மாட்டுங்கள். ஸ்டார் ஸ்டிக்கர் தேடி அலைய வேண்டாம், எங்கள் வேலூர் லாங்கு பஜார் மாதிரிக் கடைத்தெருவில் ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கினால் போதும்.

இரண்டு மூன்று நிமிடம் உட்கார்ந்தாலே ஒரு பொட்டு; வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. வந்தால்தான் பொட்டு என்றால் பிள்ளை முக்கும், இல்லை உட்காரவே மாட்டேன் என்று அடம் பிடிக்கும். ஒட்டியதைப் பிய்க்கவே கூடாது. ஒரு நாள் பாயை நனைத்துவிட்டாள் என்று கோபத்தில் நான் ஒன்றைப் பிய்த்தேன். பசை அடையாளம் மட்டும் மிஞ்சிய அந்தக் கட்டத்தைத் தடவிப் பார்த்தவள், மூன்று நாள் பாத்ரூம் பக்கமே வரவில்லை.

சார்ட்டில் தண்ணீர் டம்ளருக்கும் ஒரு வரிசை போடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது உடம்புத் தண்ணீர் வியர்வையாகவே போய்விடும். ஒண்ணுக்கு இடைவெளி நீண்டதும் அடக்கப் பழகிவிட்டாள் என்று நான் ஏமாந்தேன். அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

ராத்திரியைச் சார்ட்டில் சேர்க்காதீர்கள், ஐந்து வயது வரை படுக்கை நனைவது சாதாரணம். மூன்று நாள் ஆய் வராமல் இருந்து, அப்புறம் கெட்டியாக வலியோடு போனால், சார்ட்டை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

பொட்டு கேட்பதைக் குழந்தையே மறந்துவிட்டால் சார்ட்டைக் கழற்றலாம். எங்களுடையதில் கடைசி இரண்டு வரிசை காலி. மிச்சப் பொட்டெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் இருந்தது.